தீர்க்கதரிசனம் ஓய்ந்துவிட்டதா? சுனாமி கண்ட தீவுகள் எழுப்பும் கேள்வி

வேத பகுதி: 1 தெசலோனிக்கேயர் 5:19-21, அப்போஸ்தலர் 11:27-30





2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நிக்கோபார் தீவுகளில் கிறிஸ்துமஸ் ஒரே நாளில் முடிந்துவிடும் பண்டிகையன்று. புத்தாண்டு வரை நீளுகிற மகிழ்ச்சி அது. அன்று காலை 6.29 மணியளவில் சுமத்திராவுக்கு மேற்கே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. சற்று நேரத்திற்குள் கடல் கரையேறியது. கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்கள் வீடுகளோடும் ஆலயங்களோடும் தென்னந்தோப்புகளோடும் வாரிக்கொள்ளப்பட்டன. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டிருந்த கச்சால் தீவும் பேரழிவைக் கண்டது. மாண்டோரும் காணாமற்போனோருமாக அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 3,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அதே அலை இரண்டு மணி நேரத்திற்குப் பின் தமிழகக் கரையைத் தாக்கியபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

அந்நாட்களில் கிறிஸ்தவர்கள் நடுவே இரண்டு குரல்கள் எழும்பின. "தீர்க்கதரிசிகள் எங்கே போனார்கள்? வரம் இன்றும் இருக்குமானால் ஒருவராகிலும் எச்சரித்திருக்க வேண்டாமா?" என்றது ஒரு குரல். "எனக்கு முன்னமே காட்டப்பட்டது, இது அந்த மக்களின் பாவத்திற்கு வந்த நியாயத்தீர்ப்பு" என்றது மற்றொரு குரல். முதலாவது குரல் வரத்தையே மறுத்தது. இரண்டாவது குரல் வரத்தின் பெயரால், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் காயத்தில் உப்பைத் தேய்த்தது. இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் இவ்விரு குரல்களும் நம் சபைகளில் ஓயவில்லை. ஆகவே, இன்றைய சபையில் தீர்க்கதரிசன வரம் உண்டா, உண்டென்றால் அது எதற்காக, அதை எப்படி நிதானிப்பது என்பவற்றை வேத வெளிச்சத்தில் தியானிப்போம்.

வேதம் என்ன சொல்லுகிறது?

நம் மிஷனரி ஜெபக்குழுக்களில் பல சபைப் பிரிவினரும் ஒரே பாயில் முழங்காற்படியிடுகிறோம். அவர்களில் ஒரு சாரார், அப்போஸ்தலர் காலத்தோடு தீர்க்கதரிசன வரம் முடிந்தது என்று விசுவாசிக்கிறார்கள். அவர்களுடைய ஆதாரங்கள் அற்பமானவையல்ல. தேவன் இந்தக் கடைசி நாட்களில் தம் குமாரன் மூலமாய்ப் பேசியிருக்கிறார் என்கிறது எபிரெயர் 1. அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் சபையின் அஸ்திபாரம் என்கிறது எபேசியர் 2:20. அஸ்திபாரம் ஒருமுறைதான் போடப்படும். தீர்க்கதரிசனங்கள் ஒழிந்துபோகும் என்று 1 கொரிந்தியர் 13:8 தெளிவாகவே கூறுகிறது. வேதாகமத்தோடு இன்னொரு வெளிப்பாட்டைச் சேர்த்துவிடுவோமோ என்கிற பரிசுத்த பயம் அவர்களை இப்படிப் பேசச் செய்கிறது. அந்தப் பயம் நம் எல்லாருக்கும் வேண்டும்.

ஆனாலும் 1 கொரிந்தியர் 13ஐத் தொடர்ந்து வாசிப்போம். குறைவானது எப்போது ஒழியும்? நிறைவானது வரும்போது. அந்த நிறைவு எப்படிப்பட்டது? நாம் முகமுகமாய்க் காணும் நாள் அது. நாம் அறியப்பட்டிருக்கிறபடியே அறியும் நாள் அது. வேதாகமம் எழுதி முடிக்கப்பட்ட நாளை இந்த வார்த்தைகளால் நாம் விவரிக்க முடியுமா? வேதம் நம் கையில் முழுமையாக இருக்கிறது. ஆனாலும் இன்னும் கண்ணாடியிலே நிழலாட்டமாய்த்தானே பார்க்கிறோம்! ஆண்டவரின் வருகையையே பவுல் குறிப்பதாகக் கொள்வதே அந்தப் பகுதிக்குப் பொருந்துகிறது. மேலும், பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேலை எடுத்துக்காட்டியபோது, கடைசி நாட்களில் குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்லுவார்கள் என்றார். அந்தக் கடைசி நாட்கள் இன்னும் முடியவில்லை. தீர்க்கதரிசன வரத்தை நாடும்படி கொரிந்து சபைக்குப் பவுல் கட்டளையிட்டார். அந்தக் கட்டளை திரும்பப் பெறப்பட்டதாக வேதத்தில் ஓரிடத்திலும் காணோம்.

அப்படியானால் வேதத்தின் அதிகாரம் என்னவாகும்? இதற்கும் பவுலே வழி காட்டுகிறார். சபையிலே தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறார் (1 கொரிந்தியர் 14:29). ஏசாயாவின் புஸ்தகத்தையோ ரோமருக்கு எழுதின நிருபத்தையோ சபை உட்கார்ந்து ஏற்கலாமா தள்ளலாமா என்று நிதானிப்பதில்லை; அவை சபையை நிதானிக்கின்றன. சபைத் தீர்க்கதரிசனமோ நிதானிக்கப்பட வேண்டியது. ஆகவே அது வேதத்திற்குச் சமமானதல்ல. வேதத்திற்குக் கீழ்ப்பட்ட ஊழியம். வரம் உண்டு, ஆனால் வரம் வேதமன்று. இதை மறவாதவன் இரண்டு பக்கத்துப் பள்ளத்திலும் விழமாட்டான்.

சரித்திரம் என்ன சாட்சி சொல்லுகிறது?

இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியா நாட்டில் மொந்தானு என்பவர் எழும்பினார். அவரோடு தீர்க்கதரிசினிகள் இருவரும் சேர்ந்தனர். புதிய எருசலேம் பெப்பூசா என்னும் ஊரில் இறங்கும் என்று அவ்வியக்கத்தார் எதிர்பார்த்தனர், இறங்கவில்லை. அவர்களுடைய வைராக்கியம் மெய்யானது, உபவாசமும் மெய்யானது. ஆயினும் தங்கள் வார்த்தையை யாரும் நிதானிக்கக் கூடாது என்று எண்ணிய இடத்தில் வழுவினர்.

நம் நாட்டிற்கு வருவோம். 1860ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. அதில் முதன்மையாய் நின்றவர் கிறிஸ்தியான்பேட்டையின் யோவான் கிறிஸ்தியான் அருளப்பன். பிரதரன் முன்னோடியாகிய அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்பவரின் சீடர் இவர். அமெரிக்காவின் அசுசா தெரு எழுப்புதலுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, தமிழ்க் கிராமங்களில் தீர்க்கதரிசனமும் அன்னியபாஷையும் காணப்பட்டதாக அவர் எழுதிவைத்தார். அந்த எழுப்புதலின் கனி என்ன? மக்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டுக் கதறினார்கள். பின்பு சுவிசேஷம் சொல்ல ஊர் ஊராய்ப் புறப்பட்டார்கள். மிஷனரி ஊழியத்தில் பங்குபெறுகிற நாம் இந்தக் கனியைக் கவனிக்க வேண்டும்.

அந்த எழுப்புதலின் அனல் 1870களில் திருவிதாங்கூரையும் தொட்டது. அங்கே யுஸ்தூஸ் யோசேப்பு என்னும், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்த கல்விமான், வல்லமையாய்ப் பயன்படுத்தப்பட்டார். அவர் இயற்றிய பாடல்களை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. ஆனால் அவ்வியக்கத்தார், ஆண்டவர் 1881ஆம் ஆண்டில் திரும்பி வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருஷம் வந்தது, சென்றது, ஆண்டவர் வரவில்லை. இயக்கம் சிதறிற்று. எழுப்புதலின் தீ ஒன்றுதான். ஓரிடத்தில் அது அடுப்பில் எரிந்தது, மற்றோரிடத்தில் கூரையைப் பற்றிற்று. தீ கூரையைப் பற்றியதென்று அடுப்பை அவித்துவிட்டுப் பட்டினி கிடப்பாருண்டோ? ஆவியை அவிக்க வேண்டாம் என்று கூறிய அதே பவுல்தான், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் கூறினார். இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

வரம் எதற்காக?

"பேரழிவை ஒருவரும் முன்னறிவிக்கவில்லையே" என்ற கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. வருவதைச் சொல்லுவதே தீர்க்கதரிசனத்தின் முக்கிய வேலை என்னும் எண்ணம் அது. 1 கொரிந்தியர் 14:3ஐத் திறந்து பாருங்கள். பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் ஆகிய மூன்றையே பவுல் குறிப்பிடுகிறார். வருங்காலம் அந்த வரிசையில் இல்லை. தேவன் சித்தங்கொண்டால் வருவதையும் காட்டுவார். ஆனால் அது அவருடைய சித்தம், நம்முடைய உரிமையன்று.

"கர்த்தர் தம்முடைய தீர்க்கதரிசிகளுக்கு வெளிப்படுத்தாமல் ஒன்றும் செய்யமாட்டார் என்று ஆமோஸ் 3:7 சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். ஆமோஸ் அங்கே பேசுவது, தேவன் தம்மோடு உடன்படிக்கை செய்த இஸ்ரவேலைத் தண்டிக்குமுன் எச்சரிப்பதைப் பற்றி. உலகில் நேரிடும் ஒவ்வொரு புயலுக்கும் அதிர்ச்சிக்கும் முன்னறிவிப்பு உண்டென்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆமோஸின் புஸ்தகமே ஒரு பூமியதிர்ச்சியைக் குறிப்பிட்டுத்தான் தொடங்குகிறது. அவருடைய வார்த்தைகள் அந்த அதிர்ச்சிக்கு இரண்டு வருஷத்திற்கு முன் உரைக்கப்பட்டவை என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. முன்னே உரைத்தது முன்னே பதிவாயிற்று. அவருடைய பாரமோ, ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்கிற அநியாயத்தைப் பற்றியது. கடல் பொங்கி வடிந்த பின் "எனக்கு முன்னமே தெரியும்" என்று சொல்லுகிறவர் ஆமோஸின் வரிசையில் நிற்க முடியாது. தெரிந்திருந்தும் சொல்லாமலிருந்தாரானால், அவர் எசேக்கியேல் 33 கூறும் காவற்காரனின் குற்றத்திற்கு உத்தரவாதி அல்லவா?

தேவன் எச்சரிப்பதற்குத் தீர்க்கதரிசிகளை மட்டுமே பயன்படுத்துகிறார் என்று நமக்கு யார் சொன்னது? லிட்டில் அந்தமானின் ஓங்கே பழங்குடியினர், கடல் பின்வாங்கியதைக் கண்டதும் மேட்டு நிலத்திற்கு ஏறிப் பிழைத்தார்கள். முன்னோர் சொல்லிவைத்த நினைவு அவர்களைக் காத்தது. 2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. முன்னோரின் ஞானமும் விஞ்ஞானிகளின் உழைப்பும், சகல மனுஷரையும் ஆதரிக்கிற தேவனுடைய பொதுவான கிருபையே. அவற்றைத் தீர்க்கதரிசனம் என்று அழைக்க வேண்டியதில்லை. அற்பமாய் எண்ணவும் வேண்டியதில்லை.

இப்பொழுது அகபுவைப் பாருங்கள். பஞ்சம் வரும் என்று அவர் ஆவியினாலே அறிவித்தபோது, அந்தியோகியா சபை என்ன செய்தது? யாருடைய பாவத்தால் பஞ்சம் வருகிறதென்று விசாரிக்கவில்லை. தாங்கள் தப்பிக்கத் தானியம் பதுக்கவும் இல்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாய்ச் சேர்த்து, யூதேயாவின் சகோதரருக்குப் பர்னபா, சவுல் கையில் அனுப்பினார்கள். மெய்யான தீர்க்கதரிசனம் சபையின் காணிக்கைப் பெட்டியைத் திறந்தது. துன்பப்படுகிறவனை நோக்கிக் கால்களை நடத்திற்று. இவ்விதம் பார்த்தால், 2004க்குப் பின் முன்னறிவிப்பு ஏதும் கேளாமலே நாடெங்கும் சபைகள் காணிக்கை சேர்த்துத் தீவுகளுக்கும் தமிழகக் கரைக்கும் அனுப்பினவே, அந்தச் செயல் அகபுவின் ஆவியோடு ஒத்திருந்தது. "நான் முன்னமே கண்டேன்" என்ற பேச்சோ ஒரு படி அரிசியையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

நியாயத்தீர்ப்பு என்று சொல்லலாமா?

"அத்தீவினர் பாவிகள், ஆகையால் அழிந்தனர்" என்று கர்த்தரின் பெயரால் சொன்னவர்கள், லூக்கா 13ஐ மறந்தார்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறித்து ஆண்டவர் பேசினார். அவர்கள் எருசலேமின் மற்றக் குடிகளைவிட அதிகப் பாவிகள் அல்லவென்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். பேரழிவைக் காட்டி அடுத்தவனைக் குற்றப்படுத்த ஆண்டவர் அனுமதிக்கவில்லை. நம்மை நாமே ஆராயவே அழைத்தார்.

சிந்தித்துப் பாருங்கள். நிக்கோபார் மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடிய மறுநாள் அவர்கள் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களும், நாகையின் மீனவக் குடும்பங்களும், காலையில் மெரினாவில் நடந்தவர்களும் மாண்டார்கள். அலை ஒருவனுடைய மதத்தையும் விசாரிக்கவில்லை. எஞ்சியவர்கள் பூர்வீகக் கரையை விட்டுத் தீவின் உட்பகுதிக்குச் சென்று, பல ஆண்டுகள் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். ஆயினும் கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது குற்றப்பத்திரிகையா, ஆறுதலா? யோபின் நண்பர்கள் ஏழு நாள் மவுனமாய் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாயிருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொண்டார்.

தேவன் ஏன் அந்தக் காலை எச்சரிக்கவில்லை என்பதற்கு வேதம் நமக்கு விடை தரவில்லை. மறைவானவை கர்த்தருக்கே உரியவை என்கிறது உபாகமம் 29:29. அந்த எல்லையில் நின்றுகொண்டு அழுகிறவர்களோடு அழுவதே விசுவாசம்.

எப்படிச் சோதிப்பது?

ஒருவர் "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று நம்மிடம் வரும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

1. அது எழுதப்பட்ட வார்த்தையோடு ஒத்திருக்கிறதா? வானத்திலிருந்து தூதனே வந்து வேறொரு சுவிசேஷம் சொன்னாலும் ஏற்க வேண்டாம் என்கிறது கலாத்தியர் 1:8.

2. அது கிறிஸ்துவை உயர்த்துகிறதா, சொல்லுகிறவரை உயர்த்துகிறதா? தீர்க்கதரிசனத்தின் ஆவி இயேசுவைப்பற்றிய சாட்சி என்று வெளிப்படுத்தல் 19:10இல் காண்கிறோம்.

3. சொல்லுகிறவர் நிதானிப்புக்கு உட்படுகிறாரா? "என்னை எதிர்ப்பவன் ஆவியானவரை எதிர்க்கிறான்" என்பவர் 1 கொரிந்தியர் 14ஐ மீறுகிறார்.

4. அதற்குப் பின்னால் பணம் நிற்கிறதா? பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளை மீகா 3:11 கண்டிக்கிறது. ஆதிச்சபையின் "டிடாகே" என்னும் போதனை நூலும், ஆவியின் பெயரால் தனக்கெனப் பணம் கேட்பவனைக் கள்ளத் தீர்க்கதரிசி என்றே அறியச் சொல்லுகிறது.

5. சொன்னது நிறைவேறிற்றா? உபாகமம் 18:22 இதைக் கேட்கச் சொல்லுகிறது. நிறைவேறினாலும் அது நம்மைக் கர்த்தரைவிட்டு வழிவிலகச் செய்யுமானால் ஏற்கக் கூடாதென்று உபாகமம் 13 எச்சரிக்கிறது.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. உடனே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. தீவுகளிலும் சென்னையிலும் மக்கள் கரையைவிட்டு விலகினார்கள். பேரலை எழும்பவில்லை. அன்றே எச்சரிக்கை வெளிப்படையாகத் திரும்பப் பெறப்பட்டது. ஓர் அரசு மையத்திற்கு இருக்கிற இந்த நேர்மை, கர்த்தரின் நாமத்தில் பேசுகிறவர்களுக்கு இன்னும் எவ்வளவு அதிகமாய் இருக்க வேண்டும்! 2020ஆம் ஆண்டு பிறந்தபோது எத்தனை மேடைகளில் செழிப்பின் ஆண்டு என்று முழங்கினார்கள்! கொள்ளைநோய் வந்தபின் எத்தனை பேர் சபை முன்பாக நின்று, "நான் சொன்னது கர்த்தருடைய வார்த்தையல்ல" என்றார்கள்? தீர்க்கதரிசனம் சொல்லத் தைரியமுள்ளவருக்கு, அது தவறும்போது அதை ஒப்புக்கொள்ளும் தாழ்மையும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விவாகம், வேலை, ஊழிய அழைப்பு, சிகிச்சை முதலியவற்றில் பிறருடைய தீர்க்கதரிசனத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதிருங்கள். எருசலேமில் கட்டுகள் காத்திருக்கின்றன என்று அகபு சொன்னது மெய்தான். ஆகையால் போக வேண்டாம் என்று சகோதரர்கள் கெஞ்சினார்கள். பவுலோ தேவன் தமக்கு வைத்த பாதையை அறிந்திருந்தபடியால் புறப்பட்டார். தீர்க்கதரிசனம் நம்முடைய கீழ்ப்படிதலைத் திடப்படுத்தலாம். நமக்குப் பதிலாகத் தேவ சமுகத்தில் காத்திருக்க அதனால் முடியாது.

சோதிக்க வேதம் வேண்டும்

பெரோயா பட்டணத்தார் பவுலின் உபதேசத்தையே வேதவாக்கியங்களைக்கொண்டு ஆராய்ந்தார்கள். வேதம் கையில் இல்லாத சபை எதைக்கொண்டு ஆராயும்? இங்கேதான் நிக்கோபார் நமக்கு ஒரு பெரிய பாடத்தை வைத்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்னும் உபதேசியார் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்தில் தங்கி, சிறுவர்களைச் சேர்த்துக் கற்பித்தார். அவர்களில் ஒருவரே பின்னாளில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் படித்துத் திரும்பிய அவர், தம் ஜனத்தின் மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் தீவு மக்கள் பலர் ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சன் தம் மகனையும் இழந்தார். யுத்தத்திற்குப் பின் அத்தீவினர் திரள்திரளாய்ச் சபையில் சேர்ந்தனர். 1950இல் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952இல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1978இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவர் சுனாமியை முன்னறிவிக்கவில்லை. ஆனால் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் உண்டாகும்படி பேசுவதே தீர்க்கதரிசனத்தின் நோக்கமானால், அவருடைய ஊழியம் அந்த நோக்கத்தை அலைக்கு முன்னமே நிறைவேற்றி வைத்திருந்தது. 2004இல் எல்லாம் போனபின்னும் நிக்கோபார் விசுவாசிகளிடம் தங்கள் தாய்மொழியில் சங்கீதங்கள் இருந்தன. உயிர்த்தெழுதலின் நம்பிக்கை இருந்தது. "இது உங்கள் பாவத்தின் பலன்" என்று யாராவது வந்து சொன்னால், லூக்கா 13ஐத் தங்கள் மொழியிலேயே திறந்து பார்க்க அவர்களால் முடிந்தது. கள்ளத் தீர்க்கதரிசனத்திற்கு எதிராக ஒரு ஜனத்திற்கு நாம் கட்டித்தரக்கூடிய உறுதியான அரண், அவர்கள் மொழியில் வேதாகமமும், அதை வாசிக்கிற கண்களுமே.

பிரியமானவர்களே, நம் தேசத்தில் தங்கள் மொழியில் வேதம் இல்லாத ஜனங்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நடுவே புதிய சபைகள் எழும்புகிறபோது தரிசனங்களும் சொப்பனங்களும் அதிகமாய்ப் பேசப்படுகின்றன. அவற்றை அவிக்கவும் வேண்டாம். அப்படியே விழுங்கவும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர்களுக்காகவும், எழுத்தறிவு ஊழியத்திற்காகவும், களத்தில் சபைகளைப் போதிக்கும் மிஷனரிகளுக்காகவும் ஊக்கமாய் ஜெபியுங்கள், தாங்குங்கள். ஆவியானவர் இன்றும் பேசுகிறார். அவர் பேசுவதை அறிந்துகொள்ளும் செவியை அவருடைய வசனமே நமக்குத் தருகிறது.

ஜெபிப்போம்

பரலோகப் பிதாவே, உம்முடைய ஆவியானவரை நாங்கள் துக்கப்படுத்தாதபடிக்கும், உம்முடைய நாமத்தில் பொய் பேசாதபடிக்கும் எங்களைக் காத்துக்கொள்ளும். வரங்களை நாடும் வாஞ்சையையும், எல்லாவற்றையும் நிதானிக்கும் ஞானத்தையும் எங்கள் சபைகளுக்குத் தாரும். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் தமிழகக் கரையிலும் தங்கள் அன்பானவர்களைக் கடலுக்குக் கொடுத்து இன்றும் உம்மையே நோக்கியிருக்கிற குடும்பங்களை ஆற்றித் தேற்றும். வேதம் இல்லாத மொழிகளில் உம்முடைய வார்த்தையைச் சீக்கிரமாய் எழுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.